முக்குளிப்பு முகமூடியின் பார்வை வில்லை: ஒரு சொல் போதுமா?

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

கண் பவர் உள்ளவர்கள் முக்குளிக்கும்போது அணியும், பவர் வில்லை பொருத்திய முகமூடிக்கு நம் கலைச்சொல் பட்டியலில் எந்தத் தமிழ்ச்சொல்லை ஏற்றலாம் என்ற கலந்துரையாடலில், "மருத்துவ முகமூடி" என்ற சொல்லைப் பலரும் ஏற்கும் நிலைக்கு வந்திருப்பதைக் கண்டேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2020-க்குப் பிறகு மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள எங்கள் பீடோங்கில் அச்சொல்லைக் கேட்கும் எவருக்கும் மருந்துக்கடையில் பெட்டியாக விற்கும் மூக்குவாய்க் கவசம்தான் நினைவுக்கு வரும். அதைவிட முக்கியமான காரணம், முகமூடியில் மருத்துவம் ஏதும் இல்லை என்பது. பவர் இருப்பது வில்லையில். ஆகவே பெயரும் வில்லைக்கே வேண்டும்.

நம் குழுவின் யாழ்ப்பாணத்து ஐயா முகமூடிக்கு மாற்றாக முன்வைத்த "முகக்கூடு" என்னும் சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒளியைக் குவிக்கும் திறனை டயாப்டர் என்ற அலகால் அளப்பார்கள்; நம் கண்ணின் ஏறத்தாழ 60 டயாப்டர் திறனில் 43 வரை, கண்ணின் முன்புற ஒளிபுகு படலமான விழிவெண்படலமே தருகிறது. அதன் ஒளிவிலகல் எண் 1.376, நீரினுடையது 1.33, இரண்டும் நெருங்கியிருப்பதால் வெறுங்கண்ணை நீருக்குள் திறந்தால் அத்திறன் அநேகமாக முழுவதும் போய்விடுகிறது. அதை மீட்டுத் தருவது கண்முன் அடைபட்ட காற்றுதான், அந்தக் காற்றைத் தாங்குவதைக் கூடு என்பது பொருத்தமே. ஆனால் கூட்டின் வில்லை என்று சேர்த்தால் "கூட்டுவில்லை" ஆகிறது; அது பல வில்லைகள் சேர்ந்த ஒன்றையே குறிக்கும். மனமின்றியே அதை விட்டுவிட்டேன். முகமூடி வழக்கில் நிலைத்துவிட்ட சொல், அப்படியே இருக்கட்டும்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். நாம் ஒரு சொல்லைத் தேடுகிறோம், தேவைப்படுவது இரண்டு. கடைக்குப் போகும் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடே அந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் தனித்தனிக் கண்ணாடி உள்ள முகமூடிகளில், இருக்கும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தொழிற்சாலையிலேயே பவருடன் செய்து வரும் கண்ணாடியை அதே இடத்தில் பொருத்தலாம். இவை பெரும்பாலும் அரை டயாப்டர் படிகளிலேயே கிடைக்கும். சிலிண்டர் பவர், அதாவது ஒரு திசையில் மட்டும் கூடுதலாகத் தேவைப்படும் திருத்தம், இவற்றில் இராது. மற்றொரு முறையில், கண் பரிசோதனைச் சீட்டில் உள்ளபடி தேய்த்த வில்லையை முகமூடிக் கண்ணாடியின் உட்புறத்தில் பசையிட்டு ஒட்டுகிறார்கள். சிலிண்டரும் வெள்ளெழுத்துக்கான பவரும் இதில் அடங்கும். முதலாவதைச் செருகுவில்லை என்றும், இரண்டாவதை ஒட்டுவில்லை என்றும் வழங்கலாம் என்பது என் பரிந்துரை.

இந்த வேறுபாட்டை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். என் வலக்கண்ணுக்கு −3.25, சிலிண்டர் −0.50. சிலிண்டரில் பாதியைச் சேர்த்தால் −3.50 வரும், அந்தப் படியில் வில்லை கிடைக்கும், பார்வையும் சரியாகவே இருக்கும். இடக்கண்ணுக்கு −2.75, சிலிண்டர் −1.75. அதே கணக்கைப் போட்டு, வந்த −3.625-க்கு அருகிலுள்ள படி என்று அந்தக் கண்ணுக்கும் −3.50 வில்லையைக் கொடுத்தார்கள். சிலிண்டரைப் பற்றி எவரும் பேசவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. கெடாக் கடலிலுள்ள பாயார் தீவில் நீருக்குள் இறங்கி, காற்று உருளையின் அழுத்தமானியை இடக்கண்ணால் பார்த்தபோது ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு நிழல் நின்றது. காட்டுவது 50 பார் அழுத்தமா, 80 பாரா என்று வலக்கண்ணால் மறுபடி பார்த்து உறுதி செய்துகொண்டேன். மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் எண் அது. "செருகுவில்லையில் சிலிண்டர் இராது, உங்களுக்கு ஒட்டுவில்லைதான் ஏற்றது" என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல அன்று தமிழில் சொல் இருந்திருந்தால், நான் அந்தக் கடையிலேயே கேள்வி கேட்டிருப்பேன்.

ஒட்டுவில்லை என்றால் கண்ணுக்குள் வைக்கும் வில்லையோடு (காண்டாக்ட் லென்ஸ்) குழப்பம் வரும் என்று ஈப்போ ஆசிரியை அம்மா எழுதியிருந்தார். அது கண்ணில் ஒட்டுவதில்லை, கண்ணீர்ப் படலத்தின்மேல் மிதந்து தொட்டுக்கொண்டிருக்கிறது. அதனைத் தொடுவில்லை என்றே நாம் வழங்கலாம். தவிரவும், தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒட்டு என்றால் விளக்கம் தேவையில்லை. என் தந்தையார் ரப்பர் நாற்றங்காலில் ஒட்டுக்கட்டுபவராக இருந்தார். நாற்றின் பட்டையைக் கத்தியால் கீறித் திறந்து, மொட்டுள்ள பட்டைத் துண்டை உள்ளே வைத்துச் சுற்றிக் கட்டுவார். பிடித்துக்கொண்டபின் இரண்டும் ஒரே மரம். இங்கும் வேறிடத்தில் செய்த வில்லை, ஏற்கெனவே இருக்கும் கண்ணாடியோடு ஒன்றாகிவிடுகிறது.

இரண்டு சொற்களும் வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல. ஆகவே சேர்த்தே எழுத வேண்டும்.

"குழிவில்லை" என்ற மாற்றுக் கருத்தையும் பார்த்தேன். கிட்டப்பார்வைக்கு மட்டும் பொருந்தும் என்பதால் அது போதாது. ஆயினும் அதன் பின்னணியிலுள்ள செய்தி கலைக்களஞ்சியக் குறிப்பில் இடம்பெற வேண்டியது: இவ்வகை வில்லைகளின் முன்பக்கம் தட்டையாகவே இருக்கும், வளைவு முழுவதும் கண் பக்கத்தில்தான். செருகுவில்லையின் முன்பக்கம் நீரைத் தொடுகிறது. அங்கே வளைவு இருந்தால் கரையில் ஒரு பவரும் நீருக்குள் வேறொரு பவருமாக மாறிவிடும். ஒட்டுவில்லைக்கோ, தட்டைக் கண்ணாடியில் படிந்து ஒட்டுவதற்கே தட்டை முகம் வேண்டும். மேலும், முகமூடியின் வில்லை மூக்குக்கண்ணாடியைவிடக் கண்ணிலிருந்து தள்ளி நிற்பதால் பவர் சற்று மாறும். 13 மில்லிமீட்டர் தள்ளிப்போனால் −6.00 பவருக்கு −6.50 வேண்டும், −2.00 பவருக்கு அந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று.

ஒன்று மீதமிருக்கிறது. வெள்ளெழுத்து உள்ளவர்கள் அழுத்தமானியைப் படிப்பதற்காக முகமூடிக் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் மட்டும் ஒட்டும் சிறு துண்டுக்கு "வெள்ளெழுத்து வில்லை" என்று எழுதிவைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமான சொல் எவரிடமேனும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். மூன்றையும் ஒன்றாகவே பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
பீடோங்கிலிருந்து