சாம்பிராணிப் புகை: எப்போது வந்த வழக்கம், எதை எரிக்கிறோம்?

கேள்வி: காட்பாடி வாசகி

வணக்கம். செவ்வாய், வெள்ளி மாலைகளில் சாம்பிராணி போடுவது எங்கள் வீட்டில் மாமியார் காலத்திலிருந்து விடாமல் நடந்துவரும் வழக்கம். இப்போது வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. தலைக்கு ஊற்றிய கையோடு ஈரம் காயப் புகை காட்ட வேண்டும் என்கிறார் மாமியார். என் கணவருக்கோ இளைப்புத் தொல்லை உண்டு. இந்த வழக்கம் எவ்வளவு பழையது, நாம் எரிப்பது உண்மையில் என்ன, குழந்தைக்கு இது தகுமா என்று அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில்: வேலூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, உங்கள் மாமியார் சொல்வதற்குப் பின்னால் நீண்ட மரபு இருக்கிறது. வாடைக் காலத்தில் மகளிர் மாலை சூடுவதைத் தவிர்த்து, கூந்தலில் சில மலர்களை மட்டும் வைத்துக்கொள்வதற்காக, தகரம் என்னும் மணமரத்தின் விறகில் நெருப்பு மூட்டி, கரிய வயிரம் பாய்ந்த அகிலையும் வெள்ளிய அயிர் என்னும் நறும்புகைப் பொருளையும் புகைத்ததை நெடுநல்வாடை காட்டுகிறது. மேற்கு மலையின் சந்தனமும் அகிலும் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து குவிந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆகவே கூந்தலுக்குப் புகை ஊட்டுவது கோயில் வழிபாட்டிலிருந்து வீட்டுக்கு வந்தது என்று மட்டும் கொள்ள முடியாது. வீட்டுக்குள்ளேயே வேரூன்றிய பழக்கம் அது.

கோயிலுக்கு வந்தால், திருக்கடவூரில் குங்கிலியம் என்னும் மரப்பிசினால் தூபம் இடுவதையே தொண்டாகக் கொண்ட குங்கிலியக் கலய நாயனாரை விட்டுவிட்டுப் பேச இயலாது. வறுமையில் மனைவி நெல் வாங்கி வரச் சொல்லிக் கழற்றிக் கொடுத்த தாலியையும் குங்கிலியப் பொதிக்கே ஈடாகக் கொடுத்தவர் அவர். உலக அளவில் இது இன்னும் பழையது. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அரசி ஹட்செப்சுட் புந்து நாட்டுக்குக் கப்பல்களை அனுப்பி, நறும்பிசின் மரங்களை வேரோடு கொண்டுவரச் செய்தார்; அந்தக் காட்சியை அவருடைய கோயில் சுவரில் இன்றும் காணலாம்.

நம் ஊரிலேயே பாருங்கள். ஜலகண்டேஸ்வரர் சந்நிதியில் தூபம், தேவாலயத் திருப்பலியில் தூபக்கலசம், மயிற்பீலிக் கற்றையோடு லாங் பஜார் கடைகளுக்குப் புகை போட வரும் பக்கீர் என எல்லோர் கையிலும் இருப்பது ஒரே தணலும் பிசினும்தான். எனக்கு இது மிகவும் மனநிறைவு தரும் செய்தி.

பதில்: வேலூர், ஊதுபத்தித் தொழிலில் இருந்தவர்

ஆசிரியர் ஐயா சொன்ன பிசின் வேறு, இன்று பெரும்பாலான வீடுகளில் எரியும் பொருள் வேறு என்பதைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். வேலூர் வட்டாரத்தில் பத்தி உருட்டுவது பெண்கள் வீட்டிலிருந்தே செய்யும் வேலை. கரித்தூளையும் மரத்தூளையும் ஜிகட் என்ற பசைப்பட்டைத் தூளையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து, சாய்த்து வைத்த பலகையில் சிறு உருண்டையைக் கிள்ளி வைத்து, மூங்கில் குச்சியோடு சேர்த்து உள்ளங்கையால் ஒரே இழுப்பில் உருட்டுவார்கள். பிடிக்கும் முனை மட்டும் வெறுங்குச்சியாக நிற்கும். கூலி ஆயிரம் பத்திக்கு இவ்வளவு என்ற கணக்கு. காய்ந்த அந்தக் கருப்புப் பத்திக்கு மணமே கிடையாது. அதற்குப் பிறகுதான் வாசனை எண்ணெய்க் கலவையில் அதை முக்கி எடுப்பார்கள்.

இயந்திரங்களும் வியட்நாமிலிருந்து வந்த மலிவான சரக்கும் கை உருட்டும் பெண்களின் பிழைப்பை நெருக்கின. 2019 ஆகஸ்டில் ஊதுபத்தி இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. 2020இல் மூங்கில் குச்சிக்கான இறக்குமதி வரியை 10 விழுக்காட்டிலிருந்து 25 ஆக உயர்த்தியது. இவற்றையெல்லாம் முன்பே செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கம்ப்யூட்டர் சாம்பிராணியும் பெரும்பகுதி கரித்தூள்தான். தணல் இல்லாமல் தானே கனல்வதற்காக அப்படி அழுத்திச் செய்கிறார்கள்.

பதில்: சத்துவாச்சாரி, செவிலியர்

குழந்தைக்குப் புகை காட்ட வேண்டாம், அம்மா. மெத்தென்ற துண்டால் தலையை ஒற்றித் துவட்டினாலே ஈரம் போய்விடும். ஒரு கிராம் ஊதுபத்தி எரியும்போது ஏறக்குறைய 45 மில்லிகிராம் நுண்துகள் வெளிப்படுகிறது. சிகரெட்டில் அது 10 மில்லிகிராம் அளவே. கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு ஆகியவையும் புகையில் உண்டு. கைக்குழந்தையின் மூச்சுக்குழல் மிகக் குறுகியது என்பதால் சிறிது எரிச்சலும் சளியாகவும் இளைப்பாகவும் மாறக்கூடும். வழக்கத்தை நிறுத்த வேண்டியதில்லை. குழந்தையும் உங்கள் கணவரும் வேறு அறையில் இருக்கும்போது, சன்னல்களைத் திறந்து வைத்துச் சில நிமிடங்கள் போட்டு, தணலை வாசலுக்குக் கொண்டுபோய்விடுங்கள். மூடிய அறையில் தணலை விட்டுவைப்பது யாருக்கும் ஆபத்து.

காட்பாடி வாசகி

மூவருக்கும் நன்றி. மாமியாரிடம் படித்துக் காட்டினேன். குழந்தை விஷயத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் போடுவது நல்ல சாம்பிராணியாக இருக்க வேண்டும் என்கிறார். நாட்டு மருந்துக் கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது?

ஊதுபத்தித் தொழிலில் இருந்தவர்

தூளாக வாங்காமல் கட்டியாகக் கேளுங்கள். சுமத்ராவிலிருந்து வரும் நல்ல சாம்பிராணியை உடைத்தால், செம்பழுப்பு நிறப் பிசினுக்குள் பால் வெள்ளையான துண்டுகள் பாதாம் பருப்புப் போலப் பதிந்திருக்கும். தணலில் ஒரு சிட்டிகை போட்டதும் உருகி, கொப்புளித்து, வெண்மையான புகை வரும். மணத்தில் லேசான இனிப்பு இருக்கும். மூக்கைக் குத்தும் நெடி வந்தால் மலிவான பிசின் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஈரமில்லாத மண் தூபக்காலும் கொட்டாங்கச்சித் தணலும் போதும்.