பூனைக்கு வால் பக்கம் முடி கொட்டுகிறது, ஓயாமல் நக்குகிறது. என்ன காரணம்?

மொட்டைமாடி:
வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு நாட்டுப் பூனை. பெண், நான்கு வயது, கருத்தடை ஆனது. வாலடியிலிருந்து பாதி முதுகு வரை முடி மெலிந்து தோல் தெரிகிறது. பின்னந்தொடையின் உள்பக்கமும் அப்படித்தான். முதுகைத் தடவினால் ரவை தூவியதுபோலப் பொடிப்பொடியாகப் பொருக்கு கையில் தட்டுப்படுகிறது. சாப்பாடு, விளையாட்டு எல்லாம் வழக்கம்போல. மாடியைத் தாண்டி வெளியே போகாது. முடியை விலக்கி விலக்கிப் பார்த்தேன், பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அம்மா வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார். பக்கத்து வீட்டில் நாய்க்கு விட்ட சொட்டு மருந்து மீதி இருக்கிறது, கொஞ்சமாக விடலாமாம். சோறும் மத்தி மீனும்தான் சாப்பாடு. மீன் ஒத்துக்கொள்ளவில்லையோ?

செவலையன்:
முதலில் அந்த நாய் மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாய் தாங்கும், பூனையின் கல்லீரலால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. நடுக்கம், வலிப்பு என்று போய் உயிரே போகலாம். இதில் கொஞ்சம், நிறைய என்ற பேச்சே கிடையாது.

வேப்பெண்ணெயும் வேண்டாம். அம்மா நல்லதற்குத்தான் சொல்கிறார், ஆனால் பூனை மேலே பட்டதெல்லாம் கடைசியில் அதன் வாய்க்குள்தான் போகும். கற்பூரம், ஃபீனால் கலந்த கிருமிநாசினி இவையும் பூனைக்கு விஷம்.

நாலுகால்:
வாலடி, பின்முதுகு, உள்தொடை, கூடவே பொடிப் பொருக்கு. இந்தக் கூட்டணியைப் பார்த்தால் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பூச்சியின் எச்சில்தான் ஒத்துக்கொள்ளாதது. ஒவ்வாமை உள்ள பூனைக்கு இரண்டொரு கடியே போதும். அரிக்க அரிக்க நக்கும்போது பூச்சியையும் சேர்த்து விழுங்கிவிடுவதால் நம் கண்ணுக்கு எதுவும் அகப்படாது.

பூச்சியைத் தேடாதீர்கள், அதன் எச்சத்தைத் தேடுங்கள். பேன் சீப்பால் வாலடியை நன்றாக வாரி, சீப்பில் வருவதை ஈரமான வெள்ளை டிஷ்யூ பேப்பரில் தட்டுங்கள். கறுப்புத் துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். கசியாவிட்டால் வெறும் மண்ணாக இருக்கலாம். ஆசனவாய் ஓரத்தில் அரிசி அளவு வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். தெள்ளுப்பூச்சியை விழுங்கும் பூனைக்கு நாடாப்புழு வரும்.

தஞ்சைப்பூனை:
எங்கள் பூனைக்கு வயிற்றில் முடி போனபோது எல்லோரும் மன அழுத்தம் என்றார்கள். வீடு மாறினீர்களா, புது ஆள் வந்தாரா?

நாலுகால்:
அதை வரிசையில் கடைசியாக வையுங்கள். பூச்சி, பூஞ்சை, உணவு எல்லாவற்றையும் விலக்கிய பிறகு பேச வேண்டியது அது. அடிவயிற்றை மட்டும் நக்கும் பூனைக்குச் சிறுநீர்ப்பையில் வலி இருப்பதும் உண்டு.

செவலையன்:
மற்ற சந்தேகங்களையும் சொல்லிவிடுகிறேன். முடி ஒடிந்து, செதிலோடு வட்டம் வட்டமாகச் சொட்டை விழுந்தால் படர்தாமரை. பூஞ்சைதான் அது, அரிப்பு இல்லாமலும் வரும். வீட்டில் யாருக்காவது தோலில் வட்டமாகச் சிவந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், மனிதருக்கும் ஒட்டும். காது ஓரத்திலும் முகத்திலும் தடித்த பொருக்கோடு வெறி பிடித்ததுபோலச் சொறிந்தால் சொறிச்சிற்றுண்ணி. தெருப் பூனைகளிடம் நிறையப் பார்க்கலாம். காதுக்குள் காபித்தூள் நிறத்தில் அழுக்கு என்றால் காதுச் சிற்றுண்ணி. உங்களுடையது இதில் எதிலும் சேரவில்லை.

மீன் ஒவ்வாமை இருக்கவே இருக்காது என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அது தலை, கழுத்துப் பக்கம் அரிக்கும். உறுதி செய்ய, இதுவரை சாப்பிடாத ஒரு புரதத்தை மட்டும் எட்டு வாரமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும், நடுவில் ஒரு நெத்திலிகூடக் கூடாது. பூச்சியை ஒழிக்காமல் அதில் இறங்குவது வீண். ஆனால் சோறும் மத்தியும் மட்டுமே என்பது தனிப் பிரச்சினை. கொழுப்பு மீனே தொடர்ந்தால் வைட்டமின் ஈ குறையும். அதை டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

மொட்டைமாடி:
டிஷ்யூவில் செம்பழுப்பாகவே கசிந்தது! டாக்டர் தோலைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார், பூஞ்சை இருக்கிறதா என்று நீல விளக்கு அடித்தும் பார்த்தார். முடி நுனி ஒடிந்திருக்கிறது, தானாக உதிரவில்லை, நக்கித்தான் போயிருக்கிறது என்றார். எடை போட்டு, பூனைக்கான செலாமெக்டின் சொட்டு மருந்து கழுத்துக்குப் பின்னால் விட்டார். மாதம் ஒருமுறை விட வேண்டுமாம். இப்போது நக்குவது குறைந்திருக்கிறது. ஆனால் நேற்று சோபாவில் ஒரு பூச்சி துள்ளியது. மருந்து வேலை செய்யவில்லையா?

நாலுகால்:
செய்கிறது. பூனை மேல் இருப்பது கொஞ்சம்தான், மீதியெல்லாம் முட்டை, புழு, கூட்டுப்புழுவாக வீட்டில் கிடக்கிறது. பெண் பூச்சி ஒரு நாளைக்கு 40 முட்டைகூட இடும். அவை முடியில் ஒட்டாமல் பூனை படுக்கும் இடமெல்லாம் உதிரும். கூட்டுக்குள் இருப்பதை மருந்தும் எளிதில் தொடாது. மாதக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு, பக்கத்தில் ஆள் நடக்கும் அதிர்வும் உடம்புச் சூடும் பட்டால் வெளியே குதிக்கும். அதனால் மூன்று மாதமாவது நிறுத்தாமல் விடுங்கள். வீட்டில் வேறு பூனை, நாய் இருந்தால் அவற்றுக்கும் அதனதன் மருந்து. விரிப்பு, தலையணை உறையைக் கொதிநீரில் துவையுங்கள். சோபா இடுக்கு, கட்டிலடி, மாடியில் அது படுக்கும் சாக்கு எதையும் சுத்தம் செய்யாமல் விடாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வருடம் முழுக்க இது பெருகும்.

தஞ்சைப்பூனை:
அரிப்பு குறையவில்லை என்றால் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டால் சட்டென்று அடங்குமே?

செவலையன்:
அடங்கும், பூச்சி இருந்தால் திரும்ப வரும். புண்ணாகும் அளவுக்கு அரித்தால் டாக்டரே குறுகிய காலத்துக்குக் கொடுப்பார். அடிக்கடி போட்டால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரும் அபாயம் உண்டு. மொட்டைமாடி, அடுத்த மாதச் சொட்டு மருந்தை விடுவதற்கு முன் எடையை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். தோல் மேல் நேரடியாகப் படும்படி முடியை விலக்கி விடுங்கள், நாக்கு எட்டாத இடமாக.