நாய் கவ்விய பெட்டைக்கோழி: காயத்தைச் சுற்றித் தோல் பச்சையாகிறது, அழுகலா?

தோட்டத்து வீடு, மாரண்டஅள்ளி
வணக்கம். எங்கள் சிறுவிடைப் பெட்டையை முந்தாநாள் சாயங்காலம் தெருநாய் கவ்விவிட்டது. அத்தை விறகுக் கட்டையை வீசியதும் போட்டுவிட்டு ஓடியது. வாலுக்கு மேலே முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கிழிந்து சதை தெரிகிறது. இறக்கைக்கு அடியில் பல் இறங்கிய துளை இரண்டு. ரத்தம் அன்றே நின்றுவிட்டது. அத்தை மஞ்சளைக் குழைத்து அப்பியிருக்கிறார். பக்கத்து வீட்டுத் தாத்தா மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார்.

இன்று காலை பார்த்தால் காயத்தைச் சுற்றித் தோல் கரும்பச்சையாக இருக்கிறது. அழுகத் தொடங்கிவிட்டதா? இனித் தேறாது, அறுத்துவிடலாம் என்கிறார் மாமா. வைத்த முட்டையெல்லாம் பொரித்துக் கொடுக்கிற பெட்டை, மனம் வரவில்லை. தண்ணீர் குடிக்கிறது, கேழ்வரகைக் கொத்துகிறது. ஒரு பக்க இறக்கையை மட்டும் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது.

பெருவிடைக்காரர், ஊத்தங்கரை
அறுக்க வேண்டாம் அம்மா. தீனி எடுக்கிற கோழிக்கு உயிர் கெட்டி.

பச்சையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது கன்றிப்போன தோல். நமக்கு அடிபட்டால் நீலமாகிப் பிறகு மஞ்சளாகும். கோழிக்கு உறைந்த ரத்தம் உடையும்போது பச்சை நிறத்தோடு நின்றுவிடும், அதை மஞ்சளாக மாற்றும் நொதி கோழிக்கு இல்லை. அடிபட்ட மறுநாளே பச்சை தெரிய ஆரம்பிக்கும். இதை அழுகல் என்று நினைத்து எத்தனை நல்ல கோழிகளைக் குழம்பு வைத்திருக்கிறோமோ! அழுகினால் நாற்றம் வரும், தோல் கறுத்துச் சில்லிட்டுப் போகும். முதலில் மோந்து பாருங்கள்.

மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். திறந்த சதையைச் சுட்டுவிடும். கோழி அலகால் கோதும்போது வயிற்றுக்குள்ளும் போகும்.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்
நாயை விட ஈதான் எனக்குப் பயம். இது மாம்பழக் காலம், எங்கள் பக்கம் அழுகின பழம் கிடக்கிற இடமெல்லாம் பச்சை ஈ மொய்க்கிறது. காயத்தை மட்டும் பார்த்தால் போதாது அக்கா. ஓரத்து இறகுகளைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். பொடிப்பொடியாக வெள்ளை முட்டைகள் கொத்தாக ஒட்டியிருக்கும். ஒரு நாளைக்குள் புழுவாகிவிடும்.

கோழியை உடனே வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே கொசுவலைத் துணி போடுங்கள். அடியில் மண்ணோ மரத்தூளோ வேண்டாம், செய்தித்தாள் விரித்து அழுக்கானதும் மாற்றுங்கள். மற்ற கோழிகளோடு விட்டால் சிவப்பைக் கண்டு கொத்தியே கொன்றுவிடும்.

தோட்டத்து வீடு, மாரண்டஅள்ளி
நாற்றம் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன முட்டைகள் இருக்கின்றன! வால் பக்கத்து இறகுகளின் அடியில் வரிசையாக. இப்போது என்ன செய்வது?

கால்நடை மருத்துவ மாணவி, ஓசூர்
பதற்றப்படாதீர்கள் அக்கா, நல்ல நேரத்தில் பார்த்துவிட்டீர்கள். காயத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு இறகுகளைக் கத்தரியால் நறுக்குங்கள், பிடுங்க வேண்டாம். முட்டைகள் இறகோடு போய்விடும். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு, ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி. ஊசி நீக்கிய சிரிஞ்சில் அதை எடுத்து முதுகுக் காயத்தின் மேல் பீய்ச்சி, காய்ந்த மஞ்சளை ஊறவைத்துக் கழுவுங்கள். சுரண்ட வேண்டாம். பிறகு போவிடோன் அயோடினை இளம் டீ நிறத்துக்குக் கலக்கிப் பஞ்சால் ஒற்றுங்கள். காலையும் மாலையும் இதேதான். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், முளைக்கிற புதுச் சதையையும் அது எரிக்கும்.

இறக்கை அடியில் இருக்கிற துளைகள்தான் எனக்குக் கவலை. வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே சதை நசுங்கியிருக்கும், நாயின் வாய்க் கிருமி ஆழத்தில் இறங்கியிருக்கும். அங்கே எதையும் பீய்ச்சாதீர்கள், மேலாக ஒற்றினால் போதும். கோழிக்கு நுரையீரலோடு சேர்ந்த காற்றறைகள் உடம்பு முழுக்க இருக்கின்றன. துளை அதுவரை போயிருந்தால் நீங்கள் ஊற்றும் தண்ணீர் மூச்சை அடைத்துவிடும். தோல் உப்பி, தொட்டால் நறநறவென்று காற்று நகர்ந்தால் காற்றறை கிழிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். வண்டி வசதி இல்லையென்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழைத்துக் கேளுங்கள். ஆன்டிபயாடிக்கைக் கோழியின் எடை பார்த்து மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கிற மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று. நாயின் எச்சில் பட்ட காயத்தை அத்தை வெறுங்கையால் தொட்டிருக்கிறார். கையில் கீறலோ வெட்டோ இருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள். கோழியை விட அது முக்கியம்.

பெருவிடைக்காரர், ஊத்தங்கரை
மூலிகை எண்ணெய் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாட்டின் கோமாரிப் புண்ணுக்குக் காய்ச்சுவோமே, அதேதான்: குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஒவ்வொரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம், அரை லிட்டர் தேங்காய் எண்ணெய். ஈ அண்டாது.

கால்நடை மருத்துவ மாணவி, ஓசூர்
போடலாம் அண்ணா, ஆனால் இப்போது வேண்டாம். காயம் சுத்தமாகி, கசிவு நின்று, பொருக்குக் கட்ட ஆரம்பித்த பிறகு மெல்லிசாக, ஓரங்களில் மட்டும். துளைகளுக்குள் எண்ணெய் போகக் கூடாது.

தோட்டத்து வீடு, மாரண்டஅள்ளி
மருந்தகம் போய்வந்தோம். தைக்கவில்லை, கடிக்காயத்தை மூடினால் கிருமி உள்ளேயே தங்கும் என்றார் மருத்துவர். ஊசி போட்டு, தண்ணீரில் கலக்க மருந்து கொடுத்தார். காற்றறைக்கு ஒன்றுமில்லையாம். அத்தை கையில் அரிவாள் கீறல் இருந்தது, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாயிற்று. காயத்தின் நடுவே மஞ்சளாகக் கெட்டியாக ஏதோ இருக்கிறதே, அது சீழா?

கால்நடை மருத்துவ மாணவி, ஓசூர்
சீழாக இருக்கலாம். கோழிச் சீழ் ஒழுகாது, தயிர்க்கட்டி போல இறுகிவிடும், அதனால் பிதுக்கினாலும் வராது. தானாகக் கழன்றால் சரி, இல்லையென்றால் அடுத்த முறை மருத்துவரே எடுக்கட்டும்.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்
பஞ்சாரத்தை மற்ற கோழிகளின் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள் அக்கா. ஒரேயடியாகப் பிரித்து வைத்தால் திரும்பச் சேர்க்கும்போது புதுக் கோழி என்று நினைத்து அடிக்கும். தோல் மூடி, சிவப்பு முழுக்க மறைந்த பிறகு, இருட்டினதும் கூண்டில் மற்றவற்றின் பக்கத்தில் உட்கார வையுங்கள். விடிந்ததும் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நில்லுங்கள். முட்டையை எப்போதிலிருந்து சாப்பிடலாம் என்று மருத்துவர் சொன்னாரா?

தோட்டத்து வீடு, மாரண்டஅள்ளி
மருந்து முடிந்து எத்தனை நாள் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவரை போடுகிற முட்டையைக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லியிருக்கிறேன். மாமாவுக்குத்தான் அதில் வருத்தம்.