அக்காவுக்கு வார்ப்பிரும்புக் கல் பரிசளிக்கலாமா?

பெரம்பூர் தம்பி:
வியாசர்பாடியிலிருந்து கொடுங்கையூருக்குக் குடிபோகும் என் அக்காவின் புதுமனை புகுவிழாவுக்கு, வார்ப்பிரும்புத் தோசைக்கல்லும் கடாயும் சேர்த்து வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். ஐந்து பேருக்கு நாள்தோறும் சமைப்பவர் அவர். இப்போது தோசை வார்க்கும் நான்ஸ்டிக் கல்லில் பூச்சு உரிந்துவிட்டது. வாங்கலாமா, கூடாதா என்பதை அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு சொல்ல வேண்டுகிறேன்.

திருவொற்றியூர் இல்லத்தரசி:
வேண்டாம் தம்பி. 30 சென்டிமீட்டர் அகலமுள்ள வார்ப்பிரும்புக் கல்லே பெரும்பாலும் 2 கிலோவைத் தாண்டிவிடும். பொரியல் நிறைந்த கடாயை ஒரு கையால் சாய்த்துப் பிடித்து, மறு கையால் வழித்தெடுப்பது எந்த மணிக்கட்டுக்கும் சுலபமில்லை. எங்கள் பக்கத்தில் கடற்காற்றும் போர்வெல் தண்ணீரின் உப்பும் சேர்ந்துகொள்வதால், இரவில் ஈரத்தோடு கவிழ்த்து வைத்த கல்லில் காலையில் செங்காவித் தூள் போலத் துரு படிந்திருக்கிறது. விடியும் முன் எழுந்து தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கணவருக்குச் சாப்பாடு கட்டித் தரும் பெண்ணிடம், துடைத்துக் காயவைத்து எண்ணெய் தடவ வேண்டிய இன்னொரு பாத்திரத்தையும் கொடுத்துவிட்டு அதைப் பரிசு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தண்டையார்பேட்டை பாத்திரக்கடை:
சகோதரி எடையைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. துருவைப் பற்றிச் சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை. நன்றாகப் பழக்கிய கல்லின் மேல் எண்ணெய் வெறுமனே ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. மெல்லியதாகத் தடவிப் புகை எழும் அளவுக்குச் சூடாக்கும்போது அது இறுகிக் கருத்து, இரும்பைப் பிடித்துக்கொள்ளும் கெட்டியான படலமாகவே மாறிவிடுகிறது. அந்தப் படலம் திரண்ட பிறகு, கழுவியதும் துணியால் துடைத்து ஒரு நிமிடம் அடுப்பில் காட்டினால் போதும், உப்புக்காற்று எளிதில் அண்டாது. எண்ணெயைத் தாராளமாக ஊற்றிப் பழக்குபவர்களுக்குத்தான் கல் பிசுபிசுத்துப் போகும். சமையலைப் பொறுத்தவரை, வார்ப்பிரும்பு அலுமினியத்தைவிட மிக மெதுவாகவே சூட்டைக் கடத்தும். ஆனால் கனத்தின் காரணமாக அதைத் தேக்கி வைத்துக்கொள்ளும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மாவை ஊற்றினாலும் கல் சட்டென்று ஆறாது என்பதால்தான் ஐந்தாவது தோசையும் முதல் தோசையைப் போலவே முறுகுகிறது.

ராயபுரம் வாசகர்:
உடல்நலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இரும்புச் சட்டியில் சமைத்தால் உணவில் இரும்புச்சத்து கூடும் என்பது ஆய்வுகளில் கண்ட செய்தி. அந்த ஒரு காரணத்துக்காகவே கடாயையும் கட்டாயம் வாங்க வேண்டும்.

திருவொற்றியூர் இல்லத்தரசி:
ஐயா, பாத்திரத்தை மருந்தாக்காதீர்கள். எவ்வளவு இரும்பு இறங்கும் என்பது உணவின் புளிப்பையும் அது சட்டியில் கிடக்கும் நேரத்தையும் பொறுத்தது. இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடும் தோசையில் பெரிதாக என்ன இறங்கிவிடும்? சரி, புளிக்குழம்பு வைக்கலாம் என்றால், புளி அந்தப் படலத்தையே அரித்துக் குழம்பைக் கறுக்கவைத்து, நாக்கில் இரும்பு வாடையை விட்டுவிடும். காசிமேட்டு மீனை வாங்கிக் குழம்பு வைக்கும் நம் வீடுகளில் மண்சட்டி இருக்கிறதே, அதற்கு ஈடாக இந்தக் கடாயால் என்ன செய்ய முடியும்? சோகை இருப்பவர் மருத்துவரிடம் போகட்டும். தலசீமியா போன்ற நோயால் உடலில் இரும்பு தேங்குகிறவர்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பாத்திரத்துக்கு முன்பே மருத்துவரைக் கேட்டாக வேண்டும்.

தண்டையார்பேட்டை பாத்திரக்கடை:
கடாய் விஷயத்தில் சகோதரியின் வாதம் வலுவானது. தம்பி, கடாயை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் வாங்குங்கள். வெற்று நான்ஸ்டிக் கல்லை 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் பூச்சு சிதையத் தொடங்கும் என்பதால், உரிந்துபோன கல்லை மாற்றியே ஆக வேண்டும். கடையில் கல்லைச் சமதளத்தில் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். விளிம்பைப் பிடித்து விரலால் சுண்டினால் மணி போல ஒலிக்க வேண்டும், சத்தம் மந்தமாக வந்தால் விரிசல் இருக்கலாம். வெள்ளைத் துணியால் தேய்க்கும்போது கறுப்புச் சாயம் கழன்று வந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

திருவொற்றியூர் இல்லத்தரசி:
கல் மட்டும் என்றால் என் மறுப்பு பாதி குறைகிறது. மீதிப் பாதி அந்தப் பழக்கும் வேலை. வடிகஞ்சியில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, வெங்காயத்தை நறுக்கி நல்லெண்ணெயில் தோய்த்துத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கும் பாட்டை அக்கா தலையில் கட்டுவதானால் நான் இன்னும் எதிர்க்கிறேன். தம்பியே தம் வீட்டு அடுப்பில் அதைச் செய்து, முதல் சில தோசைகள் ஒட்டிப் பிய்ந்து வருவதையும் தாமே பொறுத்துக்கொண்டு, வழுக்கிக்கொண்டு எழும் நிலையில் கல்லைக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். இன்னொன்று: இரும்பைப் பரிசாக வாங்கக் கூடாது, சனிக்கிழமை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று நினைக்கும் பெரியவர்கள் அந்த வீட்டில் இருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், விழா நாளில் ஒரு மனக்கசப்பு வேண்டாம்.

பெரம்பூர் தம்பி:
இருவருக்கும் நன்றி. 28 சென்டிமீட்டர் கல் ஒன்றை இந்த வாரமே வாங்கி, எங்கள் வீட்டில் தோசை வார்த்துப் பழக்கிவிட்டுக் கொடுக்கப் போகிறேன். அக்காவின் மாமியாரிடம் இன்றே தொலைபேசியில் கேட்டுவிடுகிறேன். அதே கல்லில் சப்பாத்தியும் போடலாமா?

தண்டையார்பேட்டை பாத்திரக்கடை:
போடாமலிருப்பது நல்லது. எண்ணெயில்லாமல் கல் காய்ந்துகொண்டே இருப்பதால் படலம் தீய்ந்து, அடுத்த நாள் தோசை ஒட்டும். வஞ்சிரம் வறுத்தாலும் வாடை தங்கிவிடும். இந்த இரண்டுக்கும் கனம் குறைந்த இரும்புத் தகட்டுக் கல் ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள். விலையும் குறைவு, அக்காவின் கைக்கும் இலகுவாக இருக்கும்.