கோவணம் கட்டியிருந்தாரா, இல்லையா?

மஞ்சக்குப்பத்து நடிகன்:
சென்ற வாரம் ‘ஒளிவட்டம்’ இங்கே எழுதிய வரி இது: “உடம்பைக் காட்டக் கூசுகிறவன் நடிகனே அல்ல, மாலையில் அலுவலகம் விட்டு வந்து நடிக்கிறவர்களுக்கு இது புரியாது.” பதினான்கு ஆண்டுகளாக அலுவலகம் விட்டு வந்துதான் நடிக்கிறேன். சம்பளம் கிடையாது, பஸ் காசும் என்னுடையது. மேடையில் அம்மணமாக நிற்க மாட்டேன். முதல் வரிசையில் என் மாமியார் உட்கார்ந்திருப்பார். புதுச்சேரி நாடகத்தில் வேட்டியை அவிழ்த்தவரை ஆகா ஓகோ என்கிறார்கள். அவர் உள்ளே கோவணம் கட்டியிருந்தார். கண்ணால் பார்த்தேன்.

ஒளிவட்டம்:
கட்டவில்லை. அந்த நாடகத்துக்கு விளக்கு போட்டவனே நான்தான். மாமியாருக்குப் பயந்தவர்கள் பட்டிமன்றத்துக்குப் போகலாமே. மணிப்பூரில் 2000-இல் இயக்குநர் கன்ஹைலாலின் ‘திரௌபதி’ நாடகத்தில் நடிகை சாபித்ரி மேடையிலேயே ஆடை களைந்தார். ஊரே கொதித்தது. 2004 ஜூலையில் இம்பாலின் காங்ளா கோட்டை வாசலில் பன்னிரண்டு பெண்கள் ராணுவத்தை எதிர்த்து அதே கோலத்தில் நின்றார்கள். அங்கே உடம்பே பேசியது. உங்களுக்கோ மாமியார் நினைப்பு.

கூத்துவீட்டுப் பேரன்:
மணிப்பூர் வரை போன தம்பி பண்ருட்டிப் பக்கம் வந்ததில்லை போலும். என் தாத்தா முப்பது வருடம் பாஞ்சாலி வேடம் கட்டியவர். துகிலுரிதல் இரவில் சேலைமேல் சேலையாக ஏழு சேலை உடுத்துவார். துச்சாதனன் வேடக்காரர் முந்தானையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார். கடைசிச் சேலையை ஒருநாளும் தொட்டதில்லை. ஆனாலும் பெண்கள் அழுவார்கள், சிலருக்கு அருள் வரும். உரியாமலே உரிந்ததாக நம்ப வைப்பதற்குத்தான் வேடம் கட்டுகிறோம். உரித்தே காட்டுவதற்குக் கிணற்றடி போதும். கோவணம் இருந்தது. காவி நிறம். மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

ரெட்டியார்பாளையத்து நடிகை:
மூவரும் கோவணத்தை விடுங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அரங்கேற்றத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, “ரவிக்கை இல்லாமல் முதுகைக் காட்டி உட்காருங்கள், காட்சி அதைக் கேட்கிறது” என்றார் இயக்குநர். காட்சி கேட்கவில்லை, அவர்தான் கேட்டார். மறுத்தேன். அர்ப்பணிப்பு போதாது என்று சொல்லி வேறொரு பெண்ணைப் போட்டுவிட்டார். கேட்பவர் யார், எப்போது கேட்கிறார், மறுத்தால் என்ன ஆகும்? இதை யாராவது பேசுங்கள். லண்டனில் 1968-இல் நாடகத் தணிக்கை ஒழிந்த மறுநாள் மேடையேறிய ‘ஹேர்’ இசை நாடகத்தில்கூட, ஆடையில்லாமல் நிற்பதை அவரவர் விருப்பத்துக்குத்தான் விட்டிருந்தார்கள்.

கூத்துவீட்டுப் பேரன்:
சகோதரி சொல்வது நியாயம். ஆனால் கோவணம் காவி நிறம்.

ஒளிவட்டம்:
விளக்குக்கு ஆரஞ்சுத் தாள் ஒட்டியிருந்தேன் ஐயா. அந்த வெளிச்சத்தில் தோலே காவியாகத்தான் தெரியும்.

மஞ்சக்குப்பத்து நடிகன்:
தோலில் முடிச்சு விழுமா? இடுப்பில் முடிச்சைப் பார்த்தேன்.

வழக்குக்கட்டு:
எது நிர்வாணம் என்று முதலில் வரையறுத்துக்கொள்ளலாமே? பொது இடத்தில் பிறருக்கு எரிச்சலூட்டும் ஆபாசச் செயல் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 296-ஆம் பிரிவு வரும். மூன்று மாதம் வரை சிறை.

கூத்துவீட்டுப் பேரன்:
வக்கீல் ஐயா, வரையறை கிடக்கட்டும். அமர்நீதி நாயனார் கதை தெரியுமா? தராசில் ஒரு தட்டில் ஒரே ஒரு கோவணம். மறுதட்டில் சொத்து முழுவதையும் ஏற்றினார், தட்டு இறங்கவில்லை. கடைசியில் மனைவி மகனோடு தாமே ஏறினார். அப்பேர்ப்பட்ட பொருளைக் ‘கட்டவில்லை’ என்று ஒரே சொல்லில் தள்ளுகிறார் விளக்குக்காரர். பழனியாண்டி கோவணத்தோடு நிற்கிறார், அவரை அம்மணம் என்பீர்களா? லண்டனை இழுத்ததால் நானும் இழுக்கிறேன்: விண்ட்மில் அரங்கில் ஆடையில்லாப் பெண்கள் சிலைபோல நின்றால் கலை, அசைந்தால் ஆபாசம் என்று தணிக்கையில் விதி இருந்தது. வேட்டியை அவிழ்த்த நம் புரட்சிக்காரர் அசைந்தார். அசைந்ததால்தான் முடிச்சு தெரிந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன் என் தாத்தாவின் சேலைப் பெட்டியை ஒரு புதுச்சேரிக் குழு இரவல் வாங்கிப் போனது, இன்றுவரை திரும்பவில்லை. அதில் இரண்டு முழம் காவித் துணி இருந்தது. அந்தத் துணியை எனக்கு அடையாளம் தெரியாதா?

ஒளிவட்டம்:
பெட்டியை வாங்கியது நாங்கள் அல்ல. கடலூர்க்காரர்களுக்கு எல்லாப் புதுச்சேரிக் குழுவும் ஒன்றுதான். இங்கே பல்கலைக்கழகத்தில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. உங்கள் ஊரில் என்ன இருக்கிறது?

மஞ்சக்குப்பத்து நடிகன்:
பெயர் இருக்கிறது, சரி. 1922-இல் சுவாமிகள் உங்கள் ஊரில்தான் மறைந்தார்; கருவடிக்குப்பத்தில் இருக்கிறது சமாதி. ஒரு நாளாவது எட்டிப் பார்த்ததுண்டா? நான் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன்.

ரெட்டியார்பாளையத்து நடிகை:
என் கேள்வி அப்படியே கிடக்கிறது.

வழக்குக்கட்டு:
யாரிடமாவது படம் இருக்கிறதா?

ஒளிவட்டம்:
கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டோம். கோவணம் கட்டியிருந்தால் அதற்கு என்ன அவசியம்? இதையாவது யோசியுங்கள்.

மஞ்சக்குப்பத்து நடிகன்:
கோவணம் படத்தில் விழுந்துவிடக் கூடாதே, அந்த அவசியம்தான்.

கூத்துவீட்டுப் பேரன்:
பச்சைத் தகரப் பெட்டி. பூட்டு கிடையாது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். பார்த்தவர்கள் இங்கேயே எழுதவும்.