தொலைவில் உள்ள மேய்ச்சல் நிலத்தின் மின்வேலிக்கு எதிலிருந்து மின்சாரம் எடுப்பது?

கேள்வி (எழுதியவர்: மூன்றுகம்பி)

வணக்கம். எங்கள் மேய்ச்சல் நிலம் வீட்டிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே மின் இணைப்பு கிடையாது. வாங்குவதற்கு வழியும் இல்லை. ஏறக்குறைய 1200 மீட்டர் சுற்றளவுக்கு மூன்று வரிசைக் கம்பி இழுத்து, 12 வோல்ட் எனர்ஜைசர் (பேட்டரி மின்சாரத்தை உயர் வோல்ட் துடிப்பாக மாற்றிக் கம்பியில் அனுப்பும் கருவி) ஒன்றைக் காரிலிருந்து கழற்றிய 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஓட்டிவருகிறேன். வாரத்துக்கு ஒருமுறை பேட்டரியைத் தூக்கிவந்து சார்ஜ் ஏற்றித் திரும்பக் கொண்டுபோய் வைப்பது வழக்கம். எட்டு மாதத்தில் அது மூன்று நாள்கூடத் தாங்காத நிலைக்கு வந்துவிட்டது. போன வாரம் இரண்டு கன்றுகள் கம்பியை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல உள்ளே தலையை விட்டு வெளியேறின. புதிதாக சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டிய பிறகும் கம்பியில் 1800 வோல்ட்தான் காட்டுகிறது. இன்னும் பெரிய பேட்டரி வாங்குவதா, சோலார் பேனல் போடுவதா, அல்லது வீட்டில் எனர்ஜைசரை வைத்து அங்கிருந்தே கம்பி இழுப்பதா என்று முடிவு செய்ய முடியவில்லை.

மறுமொழி (ஆம்பியர்மணி)

எனர்ஜைசர் தொடர்ந்து மின்சாரம் எடுப்பதில்லை. ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் மட்டுமே துடிப்பை அனுப்புகிறது. அதனால்தான் சிறிய பேட்டரியில்கூட அது ஓடுகிறது. உங்கள் கருவியின் சராசரி மின்னோட்டம் அதன் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அது 200 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 4.8 ஆம்பியர்-மணி ஆகிறது. ஒரு வாரத்துக்கு 34-ஐ நெருங்குகிறது. ஆக, 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் முக்கால் பங்கை ஒவ்வொரு வாரமும் உறிஞ்சி எடுத்திருக்கிறீர்கள். கார் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. எஞ்சினைக் கிளப்பும் சில நொடிகளுக்குப் பெரும் மின்னோட்டம் தருவதற்காகச் செய்யப்பட்டவை. இப்படி ஆழமாக வடித்தால் அவை எட்டு மாதம் தாங்கியதே அதிகம்.

வாங்குவதாக இருந்தால் டீப் சைக்கிள் பேட்டரியாக, அதாவது ஆழமாக வடித்து மறுபடி ஏற்றுவதற்கென்றே செய்ததாக, வாங்குங்கள். அதையும் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஆறு நாள் வெயிலே இல்லாவிட்டாலும் வேலி நிற்கக்கூடாது என்றால் 29 ஆம்பியர்-மணி வேண்டும். பாதிதான் பயன்படுத்துவோம் என்பதால் 60 ஆம்பியர்-மணி பேட்டரி பொருந்தும். பேனலுக்கும் இதே கணக்குதான். நாளொன்றுக்கு ஏறக்குறைய 58 வாட்-மணி தேவை. மேகமூட்டமான பருவத்தில் மூன்று மணி நேர முழு வெயில்தான் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டு, இழப்பையும் சேர்த்தால் 28 வாட் வருகிறது. வடிந்துபோன பேட்டரியை மீட்டெடுக்கவும் கொஞ்சம் மிச்சம் வேண்டும் என்பதால் நான் 40 வாட் போடுவேன். பேனலுக்கும் பேட்டரிக்கும் இடையில் சார்ஜ் கண்ட்ரோலர் (பேட்டரியில் அளவுக்கு மீறி ஏறாமல் தடுக்கும் கருவி) கட்டாயம். பேனலின் ஒரு மூலையில் மரக்கிளை நிழல் விழுந்தாலே உற்பத்தி பாதிக்குமேல் சரிந்துவிடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

மறுமொழி (பழைய பட்டி)

மேலே உள்ள கணக்கில் பிழையில்லை. ஆனால் பேட்டரி நிரம்பியிருக்கும்போதும் 1800 வோல்ட்தான் வருகிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பேனல் வாங்கினாலும் கன்று வெளியே போகத்தான் போகிறது. எர்த்தை, அதாவது எனர்ஜைசரிலிருந்து மண்ணில் அடித்திருக்கும் கம்பியை, சோதித்தீர்களா?

எனர்ஜைசரை நிறுத்திவிட்டு, அதிலிருந்து 100 மீட்டருக்கு அப்பால், மின் பாயும் கம்பியின்மேல் இரும்புக் கம்பிகள் சிலவற்றைச் சாய்த்து மண்ணோடு இணையுங்கள். மறுபடி இயக்கி, வேலியின் வோல்டேஜ் 2000-க்குக் கீழே வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எர்த் கம்பிக்கும், அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி மண்ணில் குத்திய சிறு கம்பிக்கும் இடையே வேலி மீட்டரை வைத்து அளந்தால் 300 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் துடிப்பு திரும்பி வர வழியில்லை என்று பொருள். மாட்டின் உடல் வழியாக மண்ணுக்குப் போன மின்சாரம் எனர்ஜைசருக்குத் திரும்பிச் சேர்ந்தால்தானே அதற்கு உறைக்கும்?

இன்னொன்று: காற்றில்லாத இரவில் விளக்கை அணைத்துவிட்டு வேலியோரமாக நடந்து பாருங்கள். வெடித்த இன்சுலேட்டர் இருக்குமிடத்தில் நொடிக்கு ஒருமுறை ‘டிக்’ என்ற சத்தமும் நீலப் பொறியும் தெரியும். எங்கள் பட்டியில் வீட்டு வயரிங்குக்கான கேபிளை வாயிலுக்கு அடியில் புதைத்திருந்தேன்; சில நூறு வோல்ட்டுக்காகச் செய்த உறை 7000 வோல்ட்டைத் தாங்குமா? மண்ணுக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பருவம் பிடித்தது. வேலிக்கென்று விற்கும் இரட்டை உறைக் கேபிளைத்தான் புதைக்க வேண்டும்.

மூன்றுகம்பி

சோதித்துப் பார்த்தேன், ஐயா. எர்த்தில் 900 வோல்ட். என்னிடம் இருப்பது முக்கால் மீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு துருப்பிடித்த கம்பி. அதுவும் சரளை மண்ணில். வீட்டிலிருந்து கம்பி இழுப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

மறுமொழி (நெடுங்கம்பி)

அது நடக்கக்கூடியதுதான். 2.5 மில்லிமீட்டர் கால்வனைஸ்டு எஃகுக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 35 ஓம்; இரண்டரை கிலோமீட்டருக்கு 90 ஓம் அளவில்தான் வரும். அந்த இழப்பைத் துடிப்பு தாங்கிக்கொள்ளும். பாலிவயரை (பிளாஸ்டிக் நூலோடு மெல்லிய எஃகு இழைகளைச் சேர்த்து முறுக்கிய வேலிக் கயிறு) மட்டும் இதற்கு நினைக்கவே வேண்டாம்; அதிலுள்ள நூல் போன்ற எஃகு இழைகளின் தடை கிலோமீட்டருக்கு ஆயிரக்கணக்கான ஓம் ஆகலாம். ஆனால் இடையிலுள்ள நிலம் முழுவதும் உங்களுடையதாக இல்லாவிட்டால் நான் இந்த வழியைச் சொல்லமாட்டேன். பாதையைக் கடக்க வேண்டும், மின்கம்பித் தடத்துக்கு இணையாகப் போகக்கூடாது, எங்கோ ஒரு கிளை விழுந்தால் இரண்டரை கிலோமீட்டரும் நடந்து தேட வேண்டும்.

கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: வீட்டு மின்சாரத்தை எனர்ஜைசர் இல்லாமல் நேராக வேலியில் கொடுக்கும் எண்ணம் யாருக்கும் வரக்கூடாது. எனர்ஜைசர் துடிப்புகளுக்கு நடுவே விடும் இடைவெளியில்தான் தொட்டவர் கையை எடுக்க முடிகிறது. நேரடி மின்சாரம் அந்த அவகாசத்தைத் தராமல் கொன்றுவிடும். முள்கம்பியிலும் மின்சாரம் பாய்ச்சாதீர்கள். சிக்கியவரால் விடுபட முடியாது.

மூன்றுகம்பி

இரண்டு மீட்டர் கால்வனைஸ்டு கம்பிகள் மூன்றை, மூன்று மீட்டர் இடைவெளி விட்டு, தண்ணீர்த் தொட்டி வழிந்து ஈரமாக இருக்கும் ஓரத்தில் அடித்து ஒரே கம்பியால் இணைத்தேன். எர்த்தில் இப்போது 200 வோல்ட், வேலியில் 6400. ஒரு கன்று நேற்று மூக்கை வைத்துவிட்டுத் துள்ளி ஓடியது. 60 ஆம்பியர்-மணி பேட்டரியும் 40 வாட் பேனலும் வாங்கிவிட்டேன். பேட்டரி எந்த அளவில் இருக்கிறது என்பதை எப்போது அளப்பது?

மறுமொழி (ஆம்பியர்மணி)

பேனலில் வெயில் படுவதற்கு முன், விடியற்காலையில் அளந்துகொள்ளுங்கள். 12.6 அல்லது 12.7 வோல்ட் இருந்தால் நிரம்பியிருக்கிறது, 12.2-ஐ நெருங்கினால் பாதி தீர்ந்துவிட்டது. நண்பகலில் 13-க்கு மேல் காட்டுவது பேனல் ஏற்றிக்கொண்டிருக்கும் வோல்டேஜ். அதை நம்பி ஏமாறாதீர்கள்.