தேரி மணலில் மெட்டல் டிடெக்டர் ஓயாமல் ஒலிக்கிறது, என்ன செய்வது?

கேள்வி
சாத்தான்குளம் பக்கம் எங்கள் பனங்காட்டில் அம்மாவின் கல்யாண மோதிரம் விழுந்துவிட்டது. அதைத் தேடுவதற்காகவே ஒற்றை அதிர்வெண் டிடெக்டர் வாங்கினேன். வீட்டுத் தோட்டத்தில் ஒழுங்காக இயங்குகிறது. தேரியில், அதாவது செம்மணல் மேட்டில் மட்டும், காயில் (கருவியின் அடியிலுள்ள வட்டத் தட்டு) தரையை நெருங்கும்போதெல்லாம் ஒலிக்கிறது. சென்சிட்டிவிட்டியை (கருவியின் உணர்திறனை) குறைத்தால் மோதிரம் தப்பிவிடுமோ என்று பயம். கோளாறு கருவியிலா, மண்ணிலா?

மறுமொழி
மண்தான், தம்பி. தேரியின் சிவப்பே மணல்மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான், கருமணலும் கலந்திருக்கும். காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி மணலில் இழுத்துப் பாருங்கள். ஒட்டுகிற கரும்பொடிதான் கருவியைக் குழப்புகிறது.

மண்ணுக்கு ஒலிக்காதபடி கருவியைச் சரிசெய்வதுதான் கிரவுண்ட் பேலன்ஸ். அதைத் தேரியிலேயே செய்ய வேண்டும்; தோட்டத்தில் செய்தது இங்கே செல்லாது. முதலில் உலோகம் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பேலன்ஸ் பொத்தானை அழுத்தியபடி, காயிலைத் தரைக்குச் சமமாகப் பிடித்து, ஒரு சாண் உயரத்திலிருந்து தரையைத் தொடாத அளவுக்கு இறக்கி ஏற்றுங்கள். ஒலி அடங்கும்வரை விடாதீர்கள். மண்ணின் நிறம் மாறினால் மறுபடியும் செய்யுங்கள்.

சென்சிட்டிவிட்டியைத் தயங்காமல் குறையுங்கள். இந்த மண்ணில் அதை முழுதாக வைத்தால் தரையின் இரைச்சலில் மோதிரத்தின் ஒலியே மூழ்கிவிடும். அதே பருமனுள்ள வேறொரு தங்க மோதிரத்தை நூலில் கட்டி, நான்கு விரல் ஆழத்தில் புதைத்துக் கேட்டுப் பாருங்கள். அது தெளிவாகக் கேட்கும் அளவே உங்களுக்கான அளவு.

இன்னொரு மறுமொழி
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கருவியின் திரையில் மெல்லிய தங்க மோதிரம் பெரும்பாலும் அலுமினியத் தாள் காட்டும் எண்ணிலேயே காட்டும். குப்பைக்குப் பயந்து அந்த எண்களை டிஸ்கிரிமினேஷனில் (வேண்டாத உலோகத்தை ஒதுக்கும் அமைப்பில்) அடைத்துவிடாதீர்கள். பம்புசெட் மோட்டாரை நிறுத்திவிட்டு, கைப்பேசியைத் தள்ளி வையுங்கள். மேல்காற்று தொடங்கினால் தேரி மணல் நகர்ந்துவிடும், அதற்குள் தேடுங்கள்.

சொந்த நிலத்தோடு நில்லுங்கள். ஆதிச்சநல்லூர் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களின் பக்கம் கருவியைக் கொண்டுபோகவே கூடாது. பழம்பொருள் ஏதும் கிடைத்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கேட்டவர்
நன்றி அண்ணா. காந்தத்தில் கரும்பொடி அப்பிக்கொண்டது! தேரியிலேயே பேலன்ஸ் செய்து, சென்சிட்டிவிட்டியைப் பாதிக்குக் கொண்டுவந்ததும் ஒலி அடங்கிவிட்டது. புதைத்த மோதிரம் தெளிவாகக் கேட்கிறது. மழைநீர் ஓடிய தடத்தில் மட்டும் இன்னும் ஒலிக்கிறது.

மறுமொழி
அங்கே கருமணல் வரிவரியாகத் தங்கியிருக்கும். அந்தத் தடத்திலேயே தனியாகப் பேலன்ஸ் செய்து, காயிலை மெதுவாக வீசுங்கள். ஒரே இடத்தில் இரு திசையிலும் திரும்பத் திரும்ப ஒலித்தால் மட்டும் தோண்டுங்கள்.